49 வயதில் ராஜினாமாக் கடிதம் கேட்கிறார்கள், 23 வயது மகளுக்கும் வேலை அமையவில்லை: வழி சொல்லுங்கள்

கேள்வி: மைக்ரோமீட்டர், கோயம்புத்தூர்

அனைவருக்கும் வணக்கம். கோவையில் வாகன உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 18 ஆண்டு 7 மாதங்களாக வேலை பார்த்து வருகிறேன். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்திருக்கிறேன். எனக்கு வயது 49. மாதம் 38,000 ரூபாய் வாங்குகிறேன். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 22,000 ரூபாய். வருங்கால வைப்பு நிதி தொடக்கத்திலிருந்தே பிடிக்கப்படுகிறது. சம்பளம் 21,000 ரூபாய் வரம்பைக் கடந்துவிட்டதால் இஎஸ்ஐ இல்லை.

இந்த மாதத் தொடக்கத்தில் மனிதவளப் பிரிவிலிருந்து அழைத்தார்கள். ஆர்டர் குறைந்துவிட்டது என்றும், எங்கள் பிரிவில் சிலரைக் குறைக்க வேண்டியிருக்கிறது என்றும் சொல்லி, "சொந்தக் காரணங்களுக்காகப் பணியிலிருந்து விலகுகிறேன்" என்று ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்த ஒரு கடிதத்தை என் முன் நீட்டினார்கள். அதில் கையெழுத்திட்டால் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி), அதனுடன் இரண்டு மாதச் சம்பளமும் தருவார்களாம். இல்லையென்றால் புனே ஆலைக்கு மாற்றிவிடுவதாகச் சொல்கிறார்கள். யோசித்துச் சொல்ல மாத இறுதி வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கடன் இன்னும் பாக்கி இருக்கிறது. எனக்குச் சர்க்கரை நோயும் உண்டு. நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில்தான் மருத்துவச் செலவுகளைப் பார்த்து வருகிறோம். மகள் கடந்த ஆண்டு இசிஇ (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) பிரிவில் பி.இ. முடித்தாள். கல்லூரி வளாகத் தேர்வில் வேலை கிடைக்கவில்லை. இப்போது ஒரு பயிற்சி மையத்தினர், 1,80,000 ரூபாய் கட்டினால் நான்கு மாதப் பயிற்சியும், இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்ததாக ஓர் அனுபவச் சான்றிதழும் தந்து, மென்பொருள் நிறுவனத்தில் நிச்சயமாகச் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார்கள். எனக்கு வரும் பணிக்கொடையில் இதைக் கட்டிவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது.

கடிதத்தில் கையெழுத்திடலாமா? இந்த வயதில் என்னை யார் வேலைக்கு எடுப்பார்கள்? மகளுக்கு இந்தப் பணத்தைக் கட்டலாமா? விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் 1: சட்டமுறை

ஐயா, தொழிலாளர் வழக்குகளில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். புது வேலையைப் பற்றிய யோசனையைச் சில நாட்கள் தள்ளி வையுங்கள். அந்தக் கடிதத்தைப் பற்றி முதலில் பேசியாக வேண்டும். இப்போதைக்கு அதில் கையெழுத்திட வேண்டாம்.

பணிக்கொடை தருகிறோம் என்று அவர்கள் சொல்வதை ஒரு சலுகையாக நீங்கள் எடுத்துக்கொண்டது போலத் தெரிகிறது. ஐந்து ஆண்டுகள் தொடர்ச்சியாகப் பணி செய்தவர் ராஜினாமா செய்தாலும், ஓய்வு பெற்றாலும், ஆட்குறைப்பில் வெளியேற்றப்பட்டாலும் பணிக்கொடை அவருக்குச் சேர வேண்டியது. 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் அதை அப்போதே உறுதி செய்துவிட்டது. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணி செய்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மீதி ஒரு முழு ஆண்டாகக் கணக்கிடப்படும் என்பதால் உங்களுக்கு 19 ஆண்டுகள் வரும். 22,000 ரூபாய்க்கு இப்படிக் கணக்கிட்டால் சுமார் 2,41,000 ரூபாய். இந்தத் தொகை கடிதத்தில் கையெழுத்திட்டாலும் இடாவிட்டாலும் உங்களுடையது. சேர வேண்டிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தரவில்லையென்றால் வட்டியும் சேர்த்துத் தர வேண்டும். அப்படியானால் உங்கள் கையெழுத்துக்கு அவர்கள் தரும் விலை இரண்டு மாதச் சம்பளம் மட்டுமே.

அந்தக் கையெழுத்தால் நீங்கள் எதை இழப்பீர்கள் என்பதையும் பார்த்துவிடுவோம். ஓராண்டுக்கு மேல் தொடர்ச்சியாகப் பணி செய்த தொழிலாளரை ஆட்குறைப்புச் செய்ய வேண்டுமென்றால், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தர வேண்டும். அத்துடன் ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 15 நாள் சராசரி ஊதியத்தை இழப்பீடாகத் தர வேண்டும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு, 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும் தொடர்கிறது. உங்கள் மாதச் சம்பளம் முழுவதையும் கணக்கில் எடுத்தால், உங்கள் ஆண்டுகளுக்கு இது தோராயமாக மூன்றரை லட்சம் ரூபாய் வரும், பணிக்கொடை இதில் சேராது. "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று எழுதிக் கொடுத்தவருக்கு இந்த இழப்பீட்டைக் கேட்கும் உரிமை இல்லாமல் போய்விடும். கடிதத்தை அவர்களே அச்சடித்து வைத்திருப்பதன் காரணம் இதுதான்.

ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தப் பாதுகாப்பு சட்டத்தின் பார்வையில் "தொழிலாளர்" என்று கருதப்படுபவருக்குத்தான் உண்டு. மேற்பார்வைப் பணியில் இருந்துகொண்டு குறிப்பிட்ட ஊதிய வரம்பைத் தாண்டியவர்கள் அந்த வரையறைக்குள் வரமாட்டார்கள் என்பதால், நிறுவனம் உங்களை மேற்பார்வையாளர் என்று சொல்ல முயலக்கூடும். ஆனால் நீதிமன்றங்கள் பதவியின் பெயரைப் பார்ப்பதில்லை. அன்றாடம் நீங்கள் முக்கியமாகச் செய்யும் வேலை எதுவோ அதைத்தான் பார்க்கின்றன. நீங்களே கருவியைப் பிடித்து அளந்து, அறிக்கையில் பதிந்து வருபவரா, அல்லது உங்களுக்குக் கீழே ஆட்களை வைத்து அவர்களுக்கு விடுப்பு அனுமதித்து, வேலை பிரித்துக் கொடுப்பவரா என்பதைப் பொறுத்தே இது முடிவாகும். உங்கள் கையெழுத்துடன் கூடிய ஆய்வு அறிக்கைகள், நியமனக் கடிதம், ஊதியச் சீட்டுகள், ஊதிய உயர்வுக் கடிதங்கள் ஆகியவற்றில் நியாயமாக உங்களிடம் இருக்கக்கூடியவற்றின் நகல்களை வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.

புனே மாற்றத்தைப் பொறுத்தவரை, நியமனக் கடிதத்தில் இடமாற்றம் பற்றிய விதி இருக்கிறதா என்று பாருங்கள். விதி இருந்தாலும், ராஜினாமா செய்ய மறுத்ததற்குத் தண்டனையாக மாற்றுவது தனிக் கேள்வியாகிவிடும். அதனால் நடந்த பேச்சை இன்றே ஒரு மின்னஞ்சலாக எழுதி மனிதவளப் பிரிவுக்கு அனுப்புங்கள்: இந்தத் தேதியில் என்னை அழைத்து, இந்தக் காரணம் சொல்லி, ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்திடக் கேட்டீர்கள், நான் விலக விரும்பவில்லை, தொடர்ந்து பணிக்கு வருகிறேன் என்று மரியாதையாக, சுருக்கமாக எழுதினால் போதும். எக்காரணம் கொண்டும் வேலைக்குப் போவதை நிறுத்திவிடாதீர்கள். மனவருத்தத்தில் நான்கு நாட்கள் போகாமல் இருந்துவிட்டால், தானாக வேலையைக் கைவிட்டுவிட்டார் என்று சொல்வதற்கு நாமே வழி செய்து கொடுத்தது போல் ஆகிவிடும்.

அவர்கள் வற்புறுத்தினால் தொழிலாளர் உதவி ஆணையரிடம் சமரசத்துக்கு மனு கொடுக்கலாம். பணிநீக்கம் தொடர்பான தகராறு என்றால் தொழிற்சங்கம் இல்லாமலேயே தனிநபராகவும் போகலாம். பெரும்பாலான நிறுவனங்கள் அந்த அலுவலகத்தின் அறிவிப்பு வந்ததும் பேச்சுக்கு இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

பதில் 2: கணபதி பட்டறைக்காரர்

மேலே ஐயா சொன்ன சட்ட விவரங்களுக்குள் நான் போகவில்லை. "இந்த வயதில் என்னை யார் எடுப்பார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். கணபதியில் சிஎன்சி (கணினி வழி இயங்கும்) இயந்திரங்கள் வைத்து, மற்ற நிறுவனங்கள் கேட்கும் பாகங்களை ஜாப் ஆர்டராகச் செய்து கொடுப்பவன் நான். என்னைப் போன்றவர்கள் எடுப்பார்கள் என்பதுதான் என் பதில்.

எங்கள் நிலையைக் கொஞ்சம் சொல்கிறேன். ஆவாரம்பாளையம், கணபதி, சிட்கோ, அரசூர், மலுமிச்சம்பட்டி எங்கும் பத்து முதல் நாற்பது பேர் வரை வேலை செய்யும் பட்டறைகள் ஏராளமாக இருக்கின்றன. இயந்திரம் வாங்க வங்கியில் கடன் கிடைக்கிறது, ஓட்டுவதற்கு ஐடிஐ முடித்த பிள்ளைகளும் ஓரளவு கிடைக்கிறார்கள். அளந்து பார்த்து "இது போகும், இது போகாது" என்று தைரியமாகச் சொல்லக்கூடிய ஆள்தான் கிடைப்பதில்லை. ஒருமுறை ஒரு புஷ் (உள்ளே துளை உள்ள உருளைப் பாகம்) ஆர்டரில் உள்விட்டம் இருபது மைக்ரான் குறைந்துபோய், மொத்த லாட்டும் வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்தது. டூல் தேய்ந்திருக்கிறது என்பதை ஏர் கேஜில் (காற்றழுத்தத்தால் துளையை அளக்கும் கருவி) வரிசையாக நான்கு காய்களை, அதாவது பாகங்களை, பார்த்தாலே அனுபவப்பட்டவர் சொல்லியிருப்பார்; காலையில் முதல் காயை மட்டும் பார்த்துவிட்டு நாள் முழுக்க ஓட்டினார்கள். அன்று என் பட்டறையில் உங்களைப் போன்ற ஒருவர் இருந்திருந்தால் அந்த நஷ்டம் வந்திருக்காது.

அளவை மட்டுமல்ல, காகிதத்தையும் நாங்கள் சமாளிக்க வேண்டியிருக்கிறது. பெரிய வாகன நிறுவனங்களுக்கு நேரடியாகப் பாகம் கொடுப்பவர்கள், வாகனத் துறைக்கான தரச் சான்றிதழான ஐஏடிஎஃப் 16949 வைத்திருக்கிறார்கள். அவர்கள் எங்களிடமும் குறைந்தது ஐஎஸ்ஓ 9001 என்ற பொதுத் தரச் சான்றிதழைக் கேட்கிறார்கள், புதிய பாகத்துக்கு ஒப்புதல் பெறும் பிபிஏபி கோப்பு கேட்கிறார்கள், புகார் வந்தால் காரணத்தையும் திருத்தத்தையும் எட்டுப் படிகளில் விளக்கும் 8டி அறிக்கை கேட்கிறார்கள். இதையெல்லாம் எழுதத் தெரிந்தவர் சிறிய பட்டறைகளில் அநேகமாக யாரும் இல்லை. உங்களுக்கு இது தினசரி வேலையாகவே இருந்திருக்கும்.

அதனால் இணையத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அங்கே வயதை வைத்தே வடிகட்டிவிடுவார்கள். உங்கள் தொழிற்சாலைக்குப் பாகம் செய்து கொடுக்கும் பட்டறைக்காரர்களுக்கு உங்களைத் தெரியும். நீங்கள் எத்தனை முறை அவர்கள் பொருளைத் திருப்பி அனுப்பியிருப்பீர்கள், எத்தனை முறை கூட உட்கார்ந்து சரிசெய்து கொடுத்திருப்பீர்கள் என்பது அவர்களுக்கு மறந்திருக்காது. அளவுக் கருவிகளுக்குக் கேலிபரேஷன் (துல்லியச் சரிபார்ப்பு) செய்து தரும் ஆய்வகத்தாரிடமும் சொல்லி வையுங்கள், யார் பட்டறையில் ஆள் தேவை என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். விண்ணப்பத்தில் "கடின உழைப்பாளி" போன்ற சொற்களை எழுதாமல், சிஎம்எம், புரொஃபைல் புரொஜெக்டர், ஹைட் கேஜ், சர்ஃபேஸ் டெஸ்டர் என எந்தெந்தக் கருவியில் கை பழகியிருக்கிறது, எந்தெந்த வாடிக்கையாளர் தணிக்கைகளை எதிர்கொண்டிருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். எங்களுக்கு அதுதான் வேண்டும்.

சம்பளத்தைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். 38,000 ரூபாயை ஒரு சிறிய பட்டறை தனியாகத் தருவது கடினம். என் யோசனை, மூன்று பட்டறைகளுக்கு வாரத்தில் இரண்டு இரண்டு நாட்கள் எனப் பேசிக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் 14,000, 15,000 ரூபாய் கொடுத்தாலே உங்கள் பழைய சம்பளம் வந்துவிடும், எங்களுக்கும் கட்டுப்படியாகும்.

பதில் 3: சட்டமுறை

பட்டறைக்காரர் நண்பர் சொன்ன வழி நல்ல வழி. ஆனால் அதை இப்போதே தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. காரணம் ஓய்வூதியம்.

வைப்பு நிதியோடு சேர்ந்த 1995ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டத்தில் பத்து ஆண்டுகள் பணி முடித்தவருக்கு 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. இருபது ஆண்டுகள் முடித்து 58 வயதில் ஓய்வு பெறுபவருக்குக் கணக்கில் மேலும் இரண்டு ஆண்டுகள் கூட்டிக் கொடுக்கப்படும். நம் நண்பர் 18 ஆண்டு 7 மாதத்தில் நிற்கிறார். அதாவது வைப்பு நிதி பிடிக்கும் இன்னொரு வேலையில் ஒன்றரை ஆண்டு இருந்தால் அந்தக் கூடுதல் பலன் வாழ்நாள் முழுவதும் கிடைக்கும். பகுதிநேர ஆலோசகராக மூன்று இடங்களில் பணம் வாங்கினால் வைப்பு நிதி பிடிக்கமாட்டார்கள். எனவே முதலில் சம்பளம் சற்றுக் குறைந்தாலும் வைப்பு நிதி உள்ள வேலை, இருபது ஆண்டு நிறைந்தபின் பட்டறைக்காரர் சொல்லும் ஏற்பாடு என்று வரிசைப்படுத்திக்கொள்ளலாம். புதிய இடத்தில் சேரும்போது பழைய யுஏஎன் எண்ணையே (வைப்பு நிதி உறுப்பினருக்கான நிரந்தர எண்) கொடுத்து, பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றிவிடுங்கள். புதிதாக ஓர் எண் உருவாக விட்டால் பணிக்காலம் இரண்டு துண்டாகிவிடும்.

வைப்பு நிதிப் பணத்தை எடுக்க வேண்டாம். எடுக்காமல் விட்டாலும் வட்டி சேரும். அடுத்த ஆண்டு 50 வயதானதும், "முன்கூட்டியே ஓய்வூதியம் வாங்கித் தருகிறோம்" என்று இடைத்தரகர்கள் வருவார்கள். 58 வயதுக்கு முன்னால் வாங்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு குறையும், அந்தக் குறைவு பிற்காலத்தில் சரியாவதில்லை.

சர்க்கரை நோய் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். குழுக் காப்பீடு பணியின் கடைசி நாளோடு முடிந்துவிடும். அதற்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்திடம் தனிநபர் பாலிசிக்கு மாற்றிக்கொள்ள விண்ணப்பியுங்கள். அப்படி மாறினால் ஏற்கெனவே கழித்த காத்திருப்புக் காலம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். புதிதாக வாங்கினால் சர்க்கரை நோய்க்கான காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும்.

பதில் 4: ஆளெடுப்புப் பிரிவில் இருப்பவள்

உங்கள் மகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், அண்ணா. மென்பொருள் நிறுவனம் ஒன்றின் ஆளெடுப்புப் பிரிவில் பணிபுரிகிறேன். அந்த 1,80,000 ரூபாயைத் தயவுசெய்து கட்டாதீர்கள். பயிற்சி நன்றாக இருக்குமா இல்லையா என்பதுகூட இரண்டாம் பட்சம். இல்லாத வேலைக்கு அனுபவச் சான்றிதழ் தருகிறோம் என்று சொல்லும் இடத்துடன் எந்தத் தொடர்பும் வேண்டாம்.

அந்தச் சான்றிதழ் எப்படிப் பிடிபடும் என்று சொல்கிறேன். வேலைக்குத் தேர்வானபின் பின்னணிச் சரிபார்ப்புக்கென்று ஒரு தனி நிறுவனத்திடம் கோப்பை அனுப்புவோம். அவர்கள் விண்ணப்பதாரரின் வைப்பு நிதிப் பதிவைக் கேட்பார்கள். எந்த நிறுவனத்தில், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை பணம் கட்டப்பட்டது என்பது யுஏஎன் பதிவில் வரிசையாகத் தெரியும். வருமான வரிப் பதிவையும் ஒப்பிடுவார்கள். இரண்டு ஆண்டு அனுபவம் என்று எழுதியிருக்கும், அந்தக் காலத்தில் அந்தப் பெண் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்திருப்பாள். சில நேரங்களில் சேர்ந்து ஐந்தாறு மாதம் ஆனபிறகு அறிக்கை வரும். அன்றே வெளியே அனுப்புவார்கள், விலகல் கடிதமும் கிடைக்காது. 23 வயதில் வேலை இல்லாமல் இருப்பது ஒரு குறையே அல்ல. பொய்ச் சான்று கொடுத்தவர் என்ற பதிவு விழுந்துவிட்டால் அது எங்கே போனாலும் கூடவே வரும்.

இசிஇ படித்தவர்கள் எல்லாரும் மென்பொருளுக்கே போக வேண்டும் என்ற எண்ணம் நம் வீடுகளில் அதிகமாக இருக்கிறது. மின்னணுப் பொருள் ஏற்றுமதியில் இந்தியாவிலேயே தமிழ்நாடு முன்னணியில் நிற்கும் காலம் இது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் சர்க்யூட் போர்டு பரிசோதனை, எஸ்எம்டி (போர்டில் சிறு மின்னணுப் பாகங்களைப் பொருத்தும்) வரிசையின் தரக்கட்டுப்பாடு, டெஸ்ட் இன்ஜினியர் போன்ற பணிகளுக்கு உங்கள் மகளின் படிப்பு நேராகப் பொருந்தும். அதிலும் அப்பா தரக்கட்டுப்பாட்டில் ஊறியவர் என்பது அவளுக்குப் பெரிய பலம். 8டி அறிக்கை என்றால் என்ன, மூல காரணத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று வீட்டிலேயே நீங்கள் ஒரு மாதம் சொல்லிக் கொடுத்தால், நேர்முகத் தேர்வில் அவள் மற்ற புதியவர்களைவிடத் தெளிவாகப் பேசுவாள்.

மத்திய அரசின் பட்டதாரி தொழில் பழகுநர் திட்டத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஓராண்டுப் பயிற்சி, மாதாந்திர உதவித்தொகை, முடிவில் அரசுச் சான்றிதழ். பொய்யான இரண்டு ஆண்டு அனுபவத்துக்குப் பதிலாக உண்மையான ஓராண்டு அனுபவம் கைக்கு வரும். 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்திலும் கட்டணமில்லாத பயிற்சிகள் இருக்கின்றன. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்கும் போய்வரச் சொல்லுங்கள்; முதல் இரண்டு முகாம்களில் வேலை கிடைக்காவிட்டாலும் நேர்முகத்தில் பேசிய பழக்கம் கிடைக்கும்.

எங்கே சேர்ந்தாலும் அசல் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டாம், வேலைக்கு முன்பணம் கட்ட வேண்டாம். வெளிநாட்டில் கணினி வேலை என்று சமூக ஊடகத்தில் வரும் அழைப்புகளிலும் கவனமாக இருக்கச் சொல்லுங்கள். தாய்லாந்து வேலை என்று நம்பிப் போய் மியான்மரின் மியாவாடியில் அடைத்து வைக்கப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்களை 2022இல் மீட்டு வர வேண்டியிருந்தது.

பதில் 5: பி.காம். 2009

இதே திரியில் என் கேள்வியையும் சேர்ப்பதற்கு மன்னிக்கவும். எனக்கு 38 வயது, பிற்படுத்தப்பட்ட வகுப்பு. திருமணத்துக்கு முன் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அரசுத் தேர்வு எழுத ஆசை இருக்கிறது, ஆனால் வயது கடந்துவிட்டது என்று உறவினர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். இனி முயல்வதில் பயன் உண்டா?

பதில் 6: பயிலும் வட்டம்

சகோதரி, உங்களுக்கு வயது கடந்துவிடவில்லை. உறவினர்கள் சொல்வது பொதுப் பிரிவினருக்கான வரம்பாக இருக்கும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (டிஎன்பிஎஸ்சி) குரூப் 4 தேர்வில் இளநிலை உதவியாளர் போன்ற பணிகளுக்குப் பொதுப் பிரிவினருக்கு உச்ச வயது 32. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் இன, பழங்குடி வகுப்பினர் பத்தாம் வகுப்புக்கு மேல் படித்திருந்தால் அவர்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. அறிவிக்கை வெளியாகும்போதும் பணி நியமனத்தின்போதும் 60 வயது நிறைவடையாமல் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் பணிக்கு இந்த வகுப்பினருக்கு 42 என்ற வரம்பு உண்டு, நீங்கள் அதற்கும் உட்பட்டே இருக்கிறீர்கள். பட்டப்படிப்பு முடித்தவர் என்பதால் குரூப் 2, 2ஏ தேர்வுகளையும் எழுதலாம்.

குரூப் 4 ஒரே தாள்தான்: 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள், மூன்று மணி நேரம். அதில் பாதி, அதாவது 100 கேள்விகள், தமிழ்த் தகுதித் தேர்வு. இதில் 40 விழுக்காடு, அதாவது 150க்கு 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். மீதி நூறில் 75 பொது அறிவு, 25 கணக்கும் திறனறிவும். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான சமச்சீர் தமிழ்ப் புத்தகங்களை வரி விடாமல் படித்தவர்கள் முதல் பாதியில் நல்ல மதிப்பெண் எடுக்கிறார்கள். உங்கள் பிள்ளைகள் பள்ளியில் படிப்பவர்கள் என்றால் அந்தப் புத்தகங்கள் வீட்டிலேயே இருக்கும். இரவில் அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து படிக்கும் அம்மாக்களை எங்கள் வகுப்பில் நிறையப் பார்க்கிறேன்.

ஒவ்வொரு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் தன்னார்வப் பயிலும் வட்டம் என்ற பெயரில் கட்டணமில்லாப் பயிற்சி வகுப்பு நடக்கிறது. பள்ளி முதல் கல்லூரி வரை தமிழ்வழியில் படித்திருந்தால் அதற்கான 20 விழுக்காடு இட ஒதுக்கீட்டுக்குச் சான்றிதழ்களை இப்போதே வாங்கி வையுங்கள். அறிவிக்கை வந்தபின் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அலைந்து கடைசி நாளைத் தவறவிட்டவர்கள் பலர்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தேர்வு முடிந்து பணி ஆணை கைக்கு வர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம், போட்டியும் மிகக் கடுமையானது. லட்சக்கணக்கானவர்கள் எழுதுகிறார்கள். அதனால் தேர்வை மட்டும் நம்பி இருந்துவிடாமல், நடுவில் ஜிஎஸ்டி கணக்குப் பதிவு, டேலி போன்ற வேலைகளை வீட்டருகே உள்ள தணிக்கையாளர் அலுவலகத்தில் அரை நாளாகவாவது தொடங்கிவிடுங்கள். நீங்கள் வேலையை விட்ட பிறகு 2017இல் ஜிஎஸ்டி வந்து கணக்கெழுதும் முறையே மாறிவிட்டது. அதைப் பழகிக்கொண்டால் தேர்வு முடிவு எப்படி இருந்தாலும் கையில் ஒரு தொழில் இருக்கும்.

பதில் 7: மைக்ரோமீட்டர்

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கடிதத்தில் கையெழுத்திடவில்லை. ஐயா சொன்னபடி மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். அடுத்த நாளே மனிதவள மேலாளர் அழைத்து, கோபப்படாமல், "என்ன எதிர்பார்க்கிறீர்கள்" என்று கேட்டார். நியமனக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன்; அதில் இடமாற்ற விதி இருக்கிறது, ஆனால் நான் மேற்பார்வையாளர் என்று எங்கும் இல்லை, "இன்ஸ்பெக்டர்" என்றே இருக்கிறது. எனக்குக் கீழே ஆள் யாரும் இல்லை. மகள் பயிற்சி மையத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். பழகுநர் திட்டத்தில் பதிவும் செய்துவிட்டாள்.

ஒரே ஒரு சந்தேகம் இருக்கிறது. நிறுவனத்தோடு சண்டையிட்டு இங்கேயே தொடர எனக்கு விருப்பமில்லை. முறையான தொகை கொடுத்தால் விலகிக்கொள்ளலாம் என்றே தோன்றுகிறது. அப்படியானால் எதையெல்லாம் கேட்க வேண்டும்?

பதில் 8: சட்டமுறை

நல்லது ஐயா. பேசித் தீர்த்துக்கொள்வதில் தவறேதும் இல்லை, ஆனால் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

ஆட்குறைப்பு இழப்பீடும் முன்னறிவிப்புக்கான ஒரு மாதச் சம்பளமும் பணிக்கொடையும் தனித்தனித் தொகையாகக் குறிப்பிடப்பட வேண்டும். மூன்றையும் கலந்து ஒரே தொகையாகச் சொன்னால் எது குறைந்தது என்பது உங்களுக்கே தெரியாமல் போகும். எடுக்காத ஈட்டிய விடுப்புக்கான பணத்தையும், உங்களுக்குப் போனஸ் உண்டென்றால் இந்த ஆண்டுக்கான தொகையையும் மறக்காமல் சேருங்கள். விலகல் கடிதத்திலும் அனுபவச் சான்றிதழிலும் உங்கள் பணியின் தன்மையையும் இயக்கிய கருவிகளையும் எழுதித் தரச் சொல்லுங்கள், அது பட்டறைக்காரர் நண்பரைப் போன்றவர்களிடம் போகும்போது உதவும். வைப்பு நிதிப் பதிவில் விலகிய தேதியை நிறுவனம் பதிவேற்றினால்தான் கணக்கைப் புதிய இடத்துக்குச் சிக்கலின்றி மாற்ற முடியும். அதையும் நிபந்தனையாக எழுதுங்கள். காப்பீட்டு மாற்றம் முடியும் வரை கடைசிப் பணிநாளைத் தள்ளி வைக்கவும் கேட்கலாம்.

முடிந்தவரை சமரச அலுவலர் முன்னிலையில் ஒப்பந்தமாகக் கையெழுத்திடுங்கள். காசோலை என்றால் பணம் கணக்கில் ஏறியபிறகே "எல்லாத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்ற ரசீதில் கையெழுத்திட வேண்டும். வீட்டுக்கடன் வாங்கிய வங்கிக்கும் இந்த வாரமே போய் நிலைமையைச் சொல்லுங்கள். தவணை தவறுவதற்கு முன் போனால் காலத்தை நீட்டித்துத் தவணையைக் குறைத்துத் தர அவர்களுக்கு வழி உண்டு, தவறிய பிறகு போனால் அந்த வழி குறுகிவிடும்.